நோர்வேயில் முதல் எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா நல்லது?

வேட்டைப் பரீட்சையில் தேறிவிட்டீர்கள். இந்தச் செப்டெம்பரில் முதல் தடவையாக ஒரு குழுவோடு எல்க் வேட்டைக்குப் போகிறீர்கள். 6.5×55, .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற நான்கு தோட்டா வகைகளில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். .308 எடுங்கள். நான் முதலில் வாங்கியது .300 மேக்னம், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எல்க் என்றதும் நம் வன்னிக் காட்டு மரையை நினைக்க வேண்டாம். இலங்கையில் வெள்ளைக்காரர் மரையையும் எல்க் என்றே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள், ஆனால் இது வேறு மிருகம், அமெரிக்காவில் மூஸ் என்பார்கள். நன்றாக வளர்ந்த ஆண் எல்க் 500 கிலோ வரை வரும். அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கடையில் பெரிய தோட்டாவைக் காட்டியதும் நானும் சரி என்றேன்.

இங்கே பெருவிலங்கு வேட்டைக்கு ஒவ்வொரு வருடமும் சூட்டுச் சோதனை உண்டு. 100 மீட்டரில் ஐந்து வெடி, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். எனக்கு இரண்டு வெளியே போயின. துவக்கில்தான் பிழை என்று நினைத்தேன். எங்கள் குழுத் தலைவர் ஒரு வயதான விவசாயி. பேசாமல் ரைபிளை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி நின்று தோட்டாவை ஏற்றித் திருப்பித் தந்தார். குறிபார்த்து விசையை இழுத்தேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. உள்ளே இருந்தது பயிற்சிக்கான போலித் தோட்டா. ஆனால் குழலின் நுனி இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது, என் கண்கள் இறுக மூடியிருந்தன. வெடிக்கும்போது துவக்கு தோளில் இடிக்குமே, அந்த உதை வராமலே உடம்பு சுருங்கிவிட்டது. .300இன் உதை 6.5×55இன் உதையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தச் சுருக்கத்தோடு காட்டில் சுட்டால் நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். வயிற்றில் அடிபட்ட எல்க் மணிக்கணக்காக வேதனைப்படும். எந்தத் தோட்டாவை எடுப்பது என்று யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அப்புறம் சட்டம். நான் பரீட்சைக்குப் படித்த கணக்கு இது: குண்டு 9 முதல் 10 கிராம் என்றால் 100 மீட்டரில் அதற்கு 2700 ஜூல் சக்தி வேண்டும், 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 ஜூல் போதும். 10.1 கிராம் குண்டு போட்ட 6.5×55 இதைத் தாராளமாகத் தாண்டும். 1894இல் படைக்கு வந்த தோட்டா அது, இந்தக் காடுகளில் எத்தனையோ தலைமுறை அந்தத் தோட்டாவால்தான் எல்க் வீழ்த்தியது. உங்களுக்கு யாராவது நல்ல 6.5 ரைபிள் தருகிறார் என்றால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதென்றால்தான் .308 என்கிறேன். 11.7 கிராம் குண்டு கிடைக்கும், எந்தக் கடையிலும் பெட்டி இருக்கும், நீளம் குறைந்த குழலிலும் வேகம் அதிகம் குறையாது. அதனால் நுனியில் சத்தம் குறைக்கும் குழாய் மாட்டினாலும் துவக்கு தூக்கிப் பிடிக்க இலகுவாக இருக்கும், உதையும் இன்னும் குறையும். .30-06இல் ஒரு குறையும் இல்லை, உதை மட்டும் சற்றுக் கூட.

தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் அமைப்பைத்தான் கவனமாகப் பாருங்கள். 1946இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதே இன மிருகத்தை .300 H&H என்ற பழைய மேக்னம் தோட்டாவால்தான் சுட்டார். குண்டு உடலுக்குள் ஆழமாகப் போகாமலே சிதைந்துவிட்டது. சக்திக்குக் குறைவில்லை, குண்டுதான் தாங்கவில்லை. அதன் பிறகு நடுவில் தடுப்பு வைத்த 'பார்ட்டிஷன்' குண்டை அவரே செய்தார், 1948இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று ஈயத்தைச் செம்பு உறையோடு ஒட்டவைத்த குண்டுகள் உண்டு. நான் பாவிப்பது நோர்மா ஓரிக்ஸ். முழுச் செம்புக் குண்டும் நல்லது. ஆனால் செம்பு ஈயத்தைவிட இலேசு, ஆகவே 6.5க்கு வாங்கும்போது பெட்டியில் எடையைப் பார்த்து, இப்போதைய விதிக்கும் சரிவருமா என்று கேட்டே வாங்குங்கள்.

.308க்கு மாறிய வருடம் என் முதல் எல்க் விழுந்தது. எழுபது மீட்டர் இருக்கும், பக்கவாட்டில் நின்றது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்தேன். நாற்பது மீட்டர் நடந்து, பிர்ச் மரத்தில் சாய்ந்து விழுந்தது. உரிக்கும்போது குண்டு மறுபக்கத் தோலுக்கு அடியில் இருந்தது. காளான் மாதிரி விரிந்து, அடிப்பாகம் அப்படியே இருந்தது. இரண்டு நுரையீரலையும் தாண்டி வந்திருந்தது. பெரிய தோட்டா இதைவிட என்ன செய்திருக்கும்?

வேட்டை 25 செப்டெம்பர் தொடங்குகிறது. சோதனைக்கு முன் கட்டாயமான 30 பயிற்சி வெடிகளை மேசையில் சாய்ந்தே முடித்துவிட வேண்டாம், பாதியையாவது உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுடுங்கள். காயம்பட்ட மிருகத்தைத் தேடும் நாய்க்காரரின் எண்ணைக் குழுத் தலைவரிடம் முன்னதாகவே வாங்கித் தொலைபேசியில் போட்டு வையுங்கள்.