விமானம் 35,000 அடியில் பறக்கிறது என்றால் தரையிலிருந்து அவ்வளவு உயரமா?

இல்லை. தரையிலிருந்து மட்டுமல்ல, கடல்மட்டத்திலிருந்தும் சரியாக அவ்வளவு இருக்காது. காற்றழுத்தத்தை அடிக்கணக்காக மாற்றிக் காட்டும் எண் அது.

விமான உடலின் பக்கவாட்டில் இருக்கும் சிறு துளைகள் வழியே வெளிக்காற்றின் அழுத்தம் உயரம் காட்டும் கருவியான ஆல்டிமீட்டருக்கு வருகிறது. பழைய கருவிகளில் காற்று நீக்கி மூடிய உலோக டப்பி இருக்கும். அழுத்தம் குறையக் குறைய அது உப்பி முள்ளைத் திருப்பும். இன்றைய ஜெட்களில் சென்சாரும் கணினியும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் எந்த அழுத்தத்தை சுழி என்று கொள்வது என்பதை விமானிதான் திருகில் வைக்க வேண்டும்.

விமான நிலையம் தரும் கியூஎன்எச் மதிப்பை (அங்கே அப்போதுள்ள அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட எண்) வைத்தால் கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டும். ஏறும்போது டிரான்சிஷன் ஆல்டிடியூட் என்ற மாற்ற உயரம் வந்ததும் எல்லோரும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) என்ற பொதுவான நியம மதிப்புக்கு மாறுவார்கள். அமெரிக்காவில் அந்த மாற்ற உயரம் 18,000 அடி. பல நாடுகளில் நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். அதற்கு மேல் சொல்வதெல்லாம் ஃபிளைட் லெவல். 350 என்றால் 35,000 அடி. உண்மை உயரம் சில நூறு அடி முன்பின் இருந்தாலும் அங்கே ஆபத்தில்லை, அருகில் பறப்பவர்களுக்கும் அதே பிழைதான் என்பதால் இடைவெளி மாறாது.

இறங்கும்போதுதான் உயிர் விஷயம். கடல்மட்டத்துக்கு அருகில் 1 ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 28 அடி. கியூஎன்எச் 998 ஆக இருக்க, 1013-ஐ மாற்ற மறந்தால் கருவி காட்டுவதைவிட 420 அடி தாழ்வாகப் பறப்பீர்கள். வைத்த மதிப்பு உண்மையைவிடக் கூடினால் விமானம் தாழ்ந்திருக்கும். இந்தத் திசைப் பிழைதான் கொல்லும். கடுங்குளிரும் இதையே செய்யும்: நியம வெப்பநிலையைவிட 10 டிகிரி குறைந்தால் உயரத்தில் சுமார் 4 சதவீதம் போய்விடும்.

2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல்ஸ் டி கோல் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். கியூஎன்எச் 1001, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 1011 என்று சொல்லிவிட்டார். ஐஎல்எஸ் என்ற தரையிறங்கு வழிகாட்டி என்றால் இறங்க வேண்டிய சரிவுப்பாதை தரையிலிருந்து ரேடியோ அலையில் வரும், இந்தப் பிழை அதைத் தொடாது. அன்றோ ஏ320 விமானம் ஆல்டிமீட்டரை நம்பிய செயற்கைக்கோள் வழித் தரையிறங்கும் முறையில் வந்தது. பாதை முழுவதும் சுமார் 280 அடி தாழ்ந்தது. விமானிகளுக்கு எல்லா எண்களும் சரியாகவே தெரிந்தன. ஓடுபாதைக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால், ரேடியோ ஆல்டிமீட்டர் (தரைக்கு ரேடியோ அலை அனுப்பி உயரம் அளக்கும் கருவி) கணக்கில் தரைக்கு மேல் 6 அடி வரை இறங்கி மீண்டும் ஏறினார்கள்.

தரையில், கட்டுப்பாட்டாளரின் ரேடார் கணினியில் மட்டும் எச்சரிக்கை எழுந்தது. காரணம், விமானி திருகில் என்ன வைத்தாலும் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தின் தகவலை அனுப்பும் கருவி) எப்போதும் 1013.25 கணக்கிலான உயரத்தையே அனுப்பும். சரியான கியூஎன்எச்சைக் கூட்டிக் கழிப்பது ரேடார் கணினி. கூடுதல் தகவல் அனுப்பக்கூடிய மோட் எஸ் வகை டிரான்ஸ்பாண்டர்கள் பல இப்போது திருகில் வைத்த மதிப்பையும் அனுப்புகின்றன. உள்ளூர் கியூஎன்எச்சோடு அது பொருந்தாவிட்டால், அதைக் கட்டுப்பாட்டாளரின் திரையில் காட்டும் வசதி எல்லா நிலையங்களுக்கும் வர வேண்டும்.