தனியார் போடும் பணம் யாருடையது?

கேள்வி: எங்கள் நகரத்துக்கு மாநாட்டு மையம் வரப்போகிறது. முழுக்கத் தனியார் முதலீடு. மாநகராட்சி நிலத்தை மட்டும் தந்தால் போதுமாம். ஒரு பைசா செலவில்லாமல் கிடைப்பதையும் குறை சொல்ல வேண்டுமா?

பதில்: ஒரு பைசா செலவில்லை என்று உங்களிடம் சொன்னது யார்? ஒப்பந்தத்தைப் படித்தவரா, அடிக்கல் விழாவில் மைக் பிடித்தவரா?

தனியார் போடுவது நன்கொடை அல்ல. கடன் வாங்கி, வட்டியும் லாபமும் சேர்த்துத் திரும்ப எடுக்கத்தான் போடுகிறார்கள். அதில் தப்பில்லை, தொழில் அப்படித்தான். ஆனால் அந்தப் பணம் வாடகையிலிருந்து வர வேண்டும். வரவில்லையென்றால் அரசிடமிருந்து வர வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 2009இல் திறந்த மாநாட்டு மையமும் அரசும் தனியாரும் சேரும் கூட்டு முறையில் வந்ததுதான். கட்டிப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு 25 ஆண்டுகள் தவணை கொடுக்க விக்டோரியா மாநில அரசு கையெழுத்துப் போட்டது. கட்டடம் ஒழுங்காக இருந்தால் தவணை உண்டு; கூட்டம் வராத கவலை அரசுடையது. தெரிந்தே போட்ட ஒப்பந்தம் என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. அதற்கு யாரும் 'இலவசம்' என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வாடகையே போதும் என்பார்கள். அரங்கத்துக்குள் நின்று பார்த்தால் கணக்கு வேறு. மூன்று நாள் கண்காட்சி என்றால், அதற்கு முன்பே லாரிகள் வரத் தொடங்கிவிடும். கடைகளை அமைக்க, தரையடி வழியாக மின் இணைப்பு இழுக்க இரண்டு நாள். பிரித்து ஏற்ற இன்னும் ஒரு நாள். இந்த நாள்களுக்கு முழு வாடகை கேட்டால் ஏற்பாட்டாளர் வேறு ஊர் பார்ப்பார். அதோடு, நிகழ்ச்சிகளுக்கு நடுவே நாள்கள் காலியாக விழுவதால், நன்றாக ஓடும் மையத்திலும் ஆண்டில் சுமார் 70 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. கோடிகளைக் கொட்டிக் கட்டியதைக் கடைசியில் கல்யாணத்துக்கு விட்டு மின்கட்டணம் கட்டும் மையங்களும் உண்டு.

அமெரிக்க நகரங்கள் இந்தப் பாடத்தை நிறையப் பணம் கொடுத்துப் படித்தன. ஹேவுட் சாண்டர்ஸ் என்ற பேராசிரியர் 2005இல் புரூக்கிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்துக்காக எழுதிய ஆய்வைப் பாருங்கள். 1990க்குப் பிறகு அங்கே கண்காட்சி இடம் 50 சதவீதத்துக்கு மேல் பெருகியது. பெரிய 200 கண்காட்சிகளுக்கு வந்த கூட்டமோ 1993இல் இருந்த அளவிலேயே நின்றது. இடம் கூடி ஆள் கூடாவிட்டால் என்ன ஆகும்? வாடகையைக் குறைத்தும் சில சமயம் இலவசமாகவும் அரங்கத்தைத் தந்து ஒரு நகரம் இன்னொன்றின் நிகழ்ச்சியை இழுத்தது. கட்டலாமா வேண்டாமா என்று ஆலோசகர்கள் எழுதித் தரும் சாத்தியக்கூறு அறிக்கைகள் மட்டும் ஒவ்வோர் ஊரிலும் கூட்டம் குவியும் என்றே எழுதின. கட்டினால்தான் அடுத்த வேலை கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவரிடம் கட்டலாமா என்று கேட்டால் வேறென்ன எழுதுவார்?

அப்படியானால் தனியார் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்பீர்கள். அரங்கத்துக்காக அல்ல, பக்கத்து நிலத்துக்காக. ஹைதராபாத்தில் 2006இல் திறந்த மாநாட்டு மையம் தனியாக வரவில்லை; ஹோட்டல், கோல்ஃப் மைதானம், வில்லாக்கள் எல்லாம் சேர்ந்த ஒரே திட்டத்தில் வந்தது. மையம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் நிலம் கைமாறிய விதமும் அதில் கூட்டாளியாக இருந்த அரசு நிறுவனத்தின் பங்கு குறைந்த விதமும் 2011இல் சிபிஐ விசாரணைவரை போயின. நிலத்தை 'மட்டும்' தருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மட்டும்தான் இங்கே மூலதனம்.

மாநாட்டு மையமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒப்பந்த வரைவைக் கேளுங்கள். வருமானம் குறைந்தால் ஈடுகட்டுவது யார், நிலத்துக்கு மதிப்புப் போட்டது யார், பக்கத்தில் ஹோட்டலும் கட்டினால் குத்தகை முடிந்ததும் அதுவும் மாநகராட்சிக்குத் திரும்புமா, இந்த மூன்றையும் தேடிப் படியுங்கள். வரைவு கிடைத்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.