உடைமரத்தைப் போர்த்திய கொடி எது?

கேள்வி: உச்சிப்புளி பக்கம், எங்கள் கொல்லையை ஒட்டிய உடைக்காட்டில் நூல் நூலாக ஒரு கொடி மரங்களை மூடியிருக்கிறது. மஞ்சளும் பச்சையுமான நிறம். இலையும் இல்லை, வேரும் தெரியவில்லை. மாமியார் ‘கொத்தான்’ என்கிறார். மகன் பாடத்தில் படித்த ‘கஸ்குட்டா’ என்கிறான். மூட்டுவலிக்கு ரசம் வைக்கலாமா?

பதில்: ரசம் மட்டும் வேண்டாம், அம்மா. மூட்டுவலிக்கு நம் வீடுகளில் சேர்ப்பது முடக்கத்தான். அதைச் சில ஊர்களில் முடக்கொத்தான் என்பதால் வரும் குழப்பம் இது. முடக்கத்தானுக்குப் பிளவுபட்ட இலையும், காற்றடைத்த பை போன்ற காயும் உண்டு. உங்கள் கொடியில் இலையே இல்லை.

கடலோர மணலில் உடைமரத்தின் மேல் இப்படிப் படர்வது பெரும்பாலும் கொத்தான்தான். ஆனாலும் மகன் சொல்வதையும் சோதித்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டுண்ணிகள், பார்க்க இரட்டையர் போலிருக்கும். உறவோ வெகுதூரம்: கஸ்குட்டா கடற்கரை அடப்பங்கொடியின் குடும்பம், கொத்தான் நம் அடுப்படிப் பட்டையின் குடும்பம். நிறத்தை நம்பாதீர்கள், கடும் வெயிலில் கொத்தானும் மஞ்சளித்துவிடும். காயைப் பாருங்கள். கொத்தானின் காய் பட்டாணியைவிடச் சற்றுச் சிறியதாக, உருண்டையாக, சதைப்பற்றோடு இருக்கும். உள்ளே ஒரே விதை. கஸ்குட்டாவில் பொடிப்பொடியான காய்கள் கொத்தாக ஒட்டியிருக்கும், முற்றினால் உலர்ந்துவிடும். பூ இருந்தால் இதழ்களை எண்ணுங்கள். கொத்தானில் ஆறு, அவற்றுள் வெளி மூன்றும் மிகச் சிறியவை. கஸ்குட்டாவில் பெரும்பாலும் ஐந்து.

வேர் தெரியாததில் வியப்பில்லை. விதை மணலில்தான் முளைக்கிறது. மரத்தைப் பற்றியதும் அடிவேர் காய்ந்துவிடுகிறது. ஒரு நூலை மெல்லப் பிரித்துப் பாருங்கள், கிளையைத் தொட்ட இடமெல்லாம் பொத்தான் வரிசை போல உறிஞ்சு வேர்கள் இருக்கும். அவற்றின் வழியாகத்தான் மரத்தின் நீரையும் சத்தையும் எடுக்கிறது. உண்ணக் கூடாது என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். கொத்தானிலேயே ஆல்கலாய்டுகள் எனும், உடலைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள்கள் உண்டு. அரளி போன்ற நச்சுச் செடியில் படர்ந்திருந்தால் அதன் நஞ்சும் கொடிக்குள் வரக்கூடும்.

கொல்லை மரங்களுக்குப் பரவியிருந்தால், காய் பழுக்குமுன் பற்றிய சிறு கிளையோடு வெட்டி எரித்துவிடுங்கள். நூலை மட்டும் இழுத்தால் துண்டுகள் தங்கி மீண்டும் தழைக்கும். பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும் என்பதால் காலம் தாழ்த்த வேண்டாம். அடுத்துள்ள காடு வனத்துறையுடையது என்றால் அங்கே கத்தி வைக்காதீர்கள். அங்கே அதுவும் இயல்பாக வளரும் செடிதான்.