ஆயத்தொலை வடிவியலை எங்கிருந்து தொடங்குவது? ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பின்னமும் சதவீதமும் தயங்காமல் போடும் உங்கள் மகள், ஆயத்தொலை வடிவியலுக்கான, அதாவது ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு எண்களால் குறிக்கும் கணக்குக்கான, வரைபடத்தாளைக் கண்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நடுநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, இதிலேயே தடுமாறினால் பின்னாளில் பொறியியல் பக்கம் போக முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பத்து வயதில் ஒரு புள்ளியைத் தவறான இடத்தில் குறிப்பதை வைத்து இருபது வயதில் என்ன படிக்கலாம் என்று யாராலும் கணிக்க முடியாது. அந்தக் கவலையை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய பயிற்சித்தாள்களைப் பொறுமையாகப் பார்த்தேன். (−2, 1), (4, 1) ஆகிய இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்ற கேள்விக்கு முதல் தாளில் 2 என்று எழுதியிருக்கிறாள். அடுத்த தாளில் அதே கேள்விக்கு 7. இரண்டுமே தவறு, ஆனால் இரண்டும் ஒரே தவறல்ல. 2 என்றபோது குறைக் குறியைக் கவனிக்காமல் நான்கிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். 7 எப்படி வந்தது என்பதற்குத் தாளிலேயே தடயம் இருக்கிறது. உற்றுப் பாருங்கள், −2 தொடங்கி 4 வரை ஒவ்வொரு கோட்டின் மேலும் பென்சில் முனையால் சிறிய புள்ளி வைத்திருக்கிறாள். மொத்தம் ஏழு புள்ளிகள். அவள் எண்ணியது கோடுகளை. எண்ண வேண்டியது கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை. அவை ஆறு.

ஆக, அவளுக்கு வடிவியல் வராமல் இல்லை. பூச்சியத்துக்கு இடப்பக்கம் உள்ள எண்கோடு இன்னும் கைக்குள் வரவில்லை, அவ்வளவுதான். இதைக் கவனிக்காமல் தொலைவுச் சூத்திரத்தை வர்க்கமூலக் குறியோடு மனப்பாடம் செய்ய வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்த வயதுக்கான தேர்வுகளில் பெரும்பாலும் கிடையாகவோ செங்குத்தாகவோ உள்ள தொலைவைத்தான் கேட்பார்கள். அதற்குக் கட்டங்களை எண்ணத் தெரிந்தால் போதும். சூத்திரத் தாளை எடுத்து வைத்துவிடுங்கள். கூடவே, அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் நான்கு கால்பகுதிகளும், அதாவது குறுக்கே வெட்டும் இரண்டு அச்சுகள் தாளைப் பிரிக்கும் நான்கு பாகங்களும், உண்டா, குறை எண்களே வராத முதல் கால்பகுதி மட்டும்தானா என்று பாருங்கள். முதல் கால்பகுதி மட்டும் என்றால் உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

குறை எண்கள் அவளை மிரட்டுவதில் வியப்பில்லை. ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு எண்களால் சொல்லும் இந்த முறையை பிரெஞ்சுக் கணித அறிஞர் டெகார்ட் 1637இல் அச்சில் கொண்டுவந்தபோது, இன்று நாம் வரைவதுபோல் நான்கு பக்கமும் விரிந்த அச்சுகள் அதில் இல்லை. ஆயத்தொலைவுகள் எனப்படும் அந்த இரண்டு எண்களில் குறை எண்ணும் வரலாம் என்பது கணித அறிஞர்களுக்கே பழக்கமாகப் பல பத்தாண்டுகள் ஆயின. நியூட்டன் 1704இல் வெளியிட்ட வளைவரைகள் பற்றிய ஆய்வில்தான் நான்கு கால்பகுதிகளும் தாராளமாகப் பயன்பட்டன. இதை அவளிடம் கதையாகச் சொல்லுங்கள்.

முதல் வாரம் எண்கோடு மட்டும் போதும். −5 முதல் 5 வரை ஒரு கோடு வரைந்து, விரலை −3இல் வைத்து 4 வரை தாவச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் எண். பூச்சியம் வரை மூன்று தாவல், பிறகு நான்கு, மொத்தம் ஏழு. பதில் யோசிக்காமல் வரும்வரை இதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிறகு அதே கோட்டை நிமிர்த்தி மேலும் கீழுமாகத் தாவுங்கள். இரண்டு கோடுகளும் பூச்சியத்தில் வெட்டிக்கொண்டால் அதுதான் வரைபடத்தாள், படுத்த கோடு எக்ஸ் அச்சு, நிமிர்ந்த கோடு ஒய் அச்சு, வெட்டும் இடம்தான் ஆதிப்புள்ளி. புதிதாக எதையும் கற்றதாகவே அவளுக்குத் தோன்றாது.

அடுத்தது வரிசை. முதல் எண்ணுக்கு இடம் வலம், இரண்டாம் எண்ணுக்கு மேல் கீழ். எங்கே போக வேண்டியிருந்தாலும் ஆதிப்புள்ளியிலிருந்தே கிளம்ப வேண்டும். (3, −2) என்றால் வலப்பக்கம் மூன்று, அங்கிருந்து கீழே இரண்டு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குறிக்கட்டும். நிலப்படம் பார்த்துப் பழகிய குழந்தை இங்கே குழம்புவதுண்டு, ஏனென்றால் அங்கே அட்சரேகையை, அதாவது வடக்கு தெற்கை, முதலில் சொல்வார்கள். அவளும் அப்படியா என்று கேட்டுப் பாருங்கள்.

(0, 4), (4, 0) இரண்டுக்கும் மட்டும் ஒரு நாள் முழுவதும் ஒதுக்குங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான். முதல் எண் பூச்சியம் என்றால் பக்கவாட்டில் நகரவே இல்லை என்று பொருள். ஆகவே (0, 4) ஒய் அச்சின் மேல் இருக்கிறது. அச்சின் மேல் இருக்கும் புள்ளி எந்தக் கால்பகுதியையும் சேராது.

எதிரொளிப்புக் கேள்விகளுக்கு, அதாவது அச்சைக் கண்ணாடியாகக் கொண்டு புள்ளியின் பிம்பத்தைக் கேட்பவற்றுக்கு, விதியைச் சொல்லித் தராதீர்கள். எக்ஸ் அச்சில் எதிரொளித்தால் முதல் எண்தான் குறி மாறும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெயர் அப்படி ஏமாற்றுகிறது. (3, −2)ஐ மையால் குறித்து, மை காய்வதற்குள் தாளை எக்ஸ் அச்சு வழியாக மடித்து அழுத்தச் சொல்லுங்கள். பிரித்தால் (3, 2)இல் கறை இருக்கும். மாறியது இரண்டாம் எண் என்பதை அவள் கண்ணே சொல்லிவிடும்.

இவ்வளவும் கைவந்த பிறகு செவ்வகக் கணக்குக்குப் போகலாம். (−2, 1), (4, 1), (4, 5) மூன்றும் ஒரு செவ்வகத்தின் முனைகள், நான்காவது எது? வரைந்தால் (−2, 5) தானாகவே தெரியும். நீளம் 6, அகலம் 4, சுற்றளவு 20, பரப்பளவு 24. ஒரே படத்திலிருந்து நான்கு கேள்விகள் கேட்கலாம் என்பதால் தேர்வு அமைப்பவர்களுக்கு இது மிகவும் வசதியான கணக்கு. ஒரு கட்டம் ஓர் அலகா, இரண்டா என்று அச்சில் எழுதியிருப்பதை முதலில் வாசிக்கப் பழக்குங்கள்.

நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் அவள் தவறாகக் குறிக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். முழுவதும் குறித்து முடித்த பிறகு, எப்படிப் போனாய் என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து (−3, 2), (4, 2) இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் கேட்டு, அவள் எழுதும் விடையை எனக்கு அப்படியே அனுப்புங்கள். 7 என்றால் செவ்வகக் கணக்குகளுக்குப் போய்விடலாம். 1 அல்லது 8 என்றால் எண்கோட்டுக்குத் திரும்புவோம், அதற்கும் நமக்கு நாள் இருக்கிறது.