14 பிரிவுக்கும் தினமும் வரைபடம்: மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு நிவாரண நிறுவனத்தின் தகவல் பிரிவில் வேலை செய்கிறேன். மாரிமழை பிடித்துவிட்டால், பிரதேச செயலகங்களிலிருந்து வரும் எக்செல் பட்டியல்களை வைத்து 14 பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கும் தினமும் தனித்தனி வரைபடம் கொடுக்க வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க நடுச்சாமம் தாண்டிவிடுகிறது. வெளிநாட்டு அமைப்புகள் ஒரு பொத்தானை அழுத்தியே எல்லாவற்றையும் எடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அப்படி மென்பொருள் இருக்கிறதா? வாங்கலாமா?

பதில்: இருக்கிறது. வாங்கத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்கள் கணினியில் உள்ள கியூஜிஐஎஸ்ஸிலேயே இருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக மேப்செஃப் ஆக இருக்கும். மேப்அக்‌ஷன் என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனம் உருவாக்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கும் வந்து வரைபட வேலை செய்தவர்கள் இவர்கள். எந்த நாட்டில் அனர்த்தம் நடந்தாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில் கேட்கப்படும் வரைபடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: நிர்வாக எல்லை, வீதி, ஊர், ஆறு, சனத்தொகை. அதனால் ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரு செய்முறையை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறார்கள். எந்த அடுக்கு மேலே வரும், எது கீழே, என்ன நிறம் என்பதெல்லாம் அதில் இருக்கும். மென்பொருள் கோப்புறைக்குள் போய்ப் பொருத்தமான கோப்பைத் தேடி எடுத்து, தயாராக உள்ள சட்டகத்தில் அடுக்கிக் கொடுக்கிறது.

அது கோப்பை எப்படி அடையாளம் காண்கிறது? பெயரை வைத்துத்தான். நாடு, வகை, பொருள், புள்ளியா கோடா பரப்பா, மூலம், பகிர அனுமதி உண்டா என்ற விவரங்கள் மாறாத ஒரே ஒழுங்கில் கோப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைத்தான் நீங்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மேப்செஃப், ஆர்க்ஜிஐஎஸ் என்ற கட்டண வரைபட மென்பொருளைச் சுற்றி வளர்ந்தது. பல நாடுகளுக்கு ஓடுபவர்களுக்கானது. ஒரே மாவட்டத்தில் ஒரே 14 பிரிவுகளுக்கு வேலை செய்யும் ஒருவருக்கு அது அளவுக்கு மீறிய சட்டை. ஆனால் ‘ஃபைனல்_புதியது_2’ என்று கோப்புக்குப் பெயர் வைக்கும் பழக்கம் இருக்கும்வரை எந்த மென்பொருளும் உதவாது.

உங்கள் நேரம் உண்மையில் எங்கே போகிறது என்று பாருங்கள். வரைவதில் அல்ல, பட்டியலை எல்லைக் கோப்புடன் இணைப்பதில். ஒருவர் ‘ஏறாவூர்ப்பற்று’ என்று அனுப்புவார், இன்னொருவர் ‘செங்கலடி’ என்று அனுப்புவார். கோறளைப்பற்று தெற்கு ஒரு பட்டியலில் ‘கிரான்’, போரதீவுப்பற்று இன்னொன்றில் ‘வெல்லாவெளி’. நமக்கு இரண்டும் ஒன்றென்று தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆகவே பெயரை வைத்து இணைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஐ.நா.வின் மனிதாபிமானத் தரவுத்தளமான ஹியூமனிடேரியன் டேட்டா எக்ஸ்சேஞ்சில் இலங்கையின் எல்லைக் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் பி-கோட் என்ற நிலையான குறியீடு உண்டு. மட்டக்களப்பு மாவட்டம் எல்கே51. பிரதேச செயலாளர் பிரிவுக்கும் கிராம அலுவலர் பிரிவுக்கும் அதற்குப் பின்னால் இலக்கங்கள் கூடிக்கொண்டே போகும். இந்தக் குறியீடு முன்கூட்டியே நிரப்பிப் பூட்டப்பட்ட எக்செல் படிவம் ஒன்றை மழைக்கு முன்பே செயலகங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் எண்களை மட்டும் நிரப்பட்டும். எண் வர வேண்டிய கட்டத்தில் ‘இல்லை’ என்றோ ஒரு சிறு கோடோ போட விடாதீர்கள். ஒரே ஒரு கட்டத்தில் எழுத்து வந்தாலும் அந்த நிரல் முழுவதையும் கியூஜிஐஎஸ் எழுத்தாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

பட்டியல் பாமினி என்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருவில் வந்தால்? நம் அலுவலகங்களில் இது இன்னும் ஓயவில்லை. திரையில் தமிழாகத் தெரியும், வரைபடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே உள்ளே எடுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துகளை வடிவங்களாக ஏற்றுமதி செய்யும் தெரிவைப் போடுங்கள், இல்லையென்றால் சில கணினிகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும்.

பழைய ஷேப்ஃபைல்கள் (வரைபடத் தரவுக் கோப்புகள்) குறித்தும் ஓர் எச்சரிக்கை. ஆள்கூற்று முறை என்பது ஓர் இடத்தை எண்களால் குறிப்பது. இலங்கையின் முந்தைய கந்தவளை முறையில் மையப் புள்ளியின் இரு எண்களும் 200,000 மீற்றர். 1999 இன் புதிய முறையில் அவை 500,000. பழைய கோப்பைப் புதியது என்று அறிவித்துவிட்டால் மட்டக்களப்பு மேற்கே 300 கிலோமீட்டரும் தெற்கே 300 கிலோமீட்டரும் தள்ளிப்போய் இந்து சமுத்திரத்தில் கிடக்கும். இவ்வளவு பெரிய பிழை நல்லது, உடனே கண்ணில் படுகிறது.

இனி நீங்கள் கேட்ட பொத்தான். பிரிண்ட் லேஅவுட்டில் ஒரே ஒரு வரைபடத்தை ஒழுங்காக வடிவமையுங்கள். அதே வடிவமைப்பை ஒவ்வொரு பிரிவுக்கும் திரும்ப ஓட்டும் அட்லஸ் வசதியைத் திறந்து, கவரேஜ் லேயராக, அதாவது எதன்படி பிரிப்பது என்று சொல்லும் அடுக்காக, பிரதேச செயலாளர் பிரிவு அடுக்கைக் கொடுங்கள். வரைபடப் பெட்டியைத் தெரிந்து ‘கன்ட்ரோல்ட் பை அட்லஸ்’ என்பதில் சரி போட்டு, ஓரத்துக்குப் பத்து சதவீதம் இடம் விடுங்கள். தலைப்பில் ‘மண்முனை வடக்கு’ என்று தட்டாமல், பிரிவின் பெயருள்ள நிரலைச் சுட்டும் சமன்பாட்டை எழுதுங்கள். வெளியாகும் கோப்பின் பெயரிலும் பி-கோட்டும் தேதியும் இதேபோல் தானாக வரச்செய்யலாம். பக்கத்திலுள்ள அட்டவணையை, அந்தப் பிரிவுக்குள் விழும் கிராம அலுவலர் பிரிவுகளை மட்டும் காட்டும்படி வடிகட்டுங்கள். பிறகு ஒரே ஏற்றுமதியில் 14 பிடிஎஃப். அண்மைக்காலப் பதிப்புகளில் கியூஜிஐஎஸ்ஸைத் திறக்காமலேயே, கட்டளை வரியிலிருந்தும் அட்லஸை ஓட்டலாம். அதை விண்டோஸின் நேர அட்டவணையில் போட்டால் மாலை ஆறு மணிக்குத் தானாக ஓடும். முதல் வருடம் அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

ஏனென்றால் தானியங்கி வரைபடம் பொய் சொன்னாலும் அழகாகவே சொல்லும். மூன்று இடங்களில் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

முக்கியமானது வெற்றிடம். வாகரைக்கான பாதை துண்டிக்கப்பட்டு அறிக்கை வரவில்லை என்று வையுங்கள். இணைப்பில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும், வரைபடத்தில் வாகரை வெள்ளையாகத் தெரியும். பார்ப்பவர் ‘அங்கே பாதிப்பில்லை’ என்று படகை வேறு பக்கம் அனுப்புவார். பெரும்பாலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடத்திலிருந்துதான் தகவல் பிந்தி வரும். எனவே பூச்சியத்துக்கு ஒரு குறி, ‘தகவல் வரவில்லை’ என்பதற்குச் சாய்கோட்டுக் குறி என்று விதி வைத்து, அது விளக்கப்பட்டியலிலும் இருக்கும்படி பாருங்கள்.

அடுத்து நிறப் பிரிப்பு. எண்களைப் பார்த்து வகுப்புகளைத் தானே பிரிக்கும் முறையிலேயே வைத்திருந்தால் எல்லைகள் தினமும் மாறும். நேற்று 800 குடும்பம் கடும் சிவப்பு, இன்று அதே 800 இளமஞ்சள். நிலைமை சீரடைந்ததாக யாரோ அறிக்கை எழுதிவிடுவார்கள். வகுப்பு எல்லைகளை நீங்களே நிர்ணயித்து, வெள்ளம் வடியும்வரை கைவைக்காதீர்கள்.

மூன்றாவது தேதி. தலைப்பில் கணினியின் இன்றைய தேதி தானாக வரும்படி போடுவது இலகு. ஆனால் உள்ளே இருப்பது நேற்று மாலை நான்கு மணித் தரவாக இருக்கலாம். தரவின் நேரத்தை எக்செல்லிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

செய்மதி வெள்ளப் பரப்புகளும் உங்களுக்குக் கிடைக்கும். ராடார் படம் மேகத்தைத் தாண்டிப் பார்ப்பதால் மாரிகாலத்துக்கு உகந்தது. ஆனால் மார்கழியில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களில் வெள்ளமில்லாமலே தண்ணீர் நிற்கும். வாவி எப்போதும் இருக்கிறது. வாவியையும் குளங்களையும் வெட்டிக் கழித்து, வயல்பரப்பைத் தனி நிறத்தில் காட்டிய பிறகே மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

14 பிடிஎஃப்பும் வெளியான பின், அனுப்புமுன் அந்த ஊர்களைத் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்க்கட்டும், நீங்களல்லாத ஒருவர். ஐப்பசியிலேயே பழைய வருடப் பட்டியல் ஒன்றை வைத்து முழு ஓட்டத்தையும் ஒத்திகை பாருங்கள். அதிலும் ஒரு பிரிவின் எண்களை வேண்டுமென்றே அழித்துவிட்டு, சாய்கோடு விழுகிறதா என்று சோதியுங்கள். படமாக வாட்ஸ்அப்பில் போட்டால் எழுத்து கரைந்துபோகும், ஆவணமாகவே அனுப்புங்கள். ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை அச்சிட்டும் பாருங்கள். செயலகத்தில் அதைத்தான் போட்டோகொப்பி எடுத்துக் கொடுப்பார்கள், அதில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் வரும்.