டிராகன் பால் இசட் என்ற ஜப்பானிய அனிமேஷன் படங்களின் ரீமாஸ்டர் பதிப்பில் அப்படி என்னதான் மாறுகிறது?

ரீமாஸ்டர் என்பது பழைய பிலிமை மறுபடி ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் நீக்கி, மங்கிய நிறத்தைச் சரிசெய்து புதுப் பிரதி எடுப்பது.

டோயே அனிமேஷன் நிறுவனம் 1989 முதல் 1995 வரை வெளியிட்ட இந்தப் படங்கள் கையால் வரைந்து வண்ணம் தீட்டி, 35 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டவை. டிவி தொடருக்கு 16 மி.மீ. பிலிம்தான். ஆகவே படங்களில் நுணுக்கம் அதிகம். நாம் பார்த்த கேசட்டுகளில் அதில் பெரும்பகுதி வரவே இல்லை. கல்யாண ஆல்பத்தில் போட்டோ மங்கிப்போனாலும் நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் பளிச்சென்று புதுப் பிரிண்ட் போடலாம் அல்லவா, அதே கதைதான்.

புரோலி என்ற வில்லன் அறிமுகமாகும் 1993 படத்தை நல்ல பிரதியில் பாருங்கள். சண்டையை விட்டுவிட்டு பின்னணியைக் கவனியுங்கள்; தூரிகை இழுத்த தடம்கூடத் தெரியும். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

ஆனால் எல்லா ரீமாஸ்டரும் நல்லதல்ல. பிலிமின் இயல்பான பொடிப்புள்ளிகளை அளவுக்கு மீறி வழித்தெடுத்தால் மெல்லிய பேனாக் கோடுகளும் சேர்ந்து அழியும், முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும். கொஞ்சம் பொடி தெரியும் பதிப்பையே நான் எடுப்பேன்.

அப்புறம், பலரும் நினைப்பதுபோல் ரீமாஸ்டரில் யாரும் காட்சிகளைப் புதிதாக வரைவதில்லை. அன்று வரைந்த அதே படங்கள்தான் தெளிவாகத் தெரிகின்றன.