1974 பெர்ட்ராம் 31: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: புளோரிடாவில் ஸ்டூவர்ட் பக்கம் குடியிருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலை. பத்து வருடமாகக் காசு கொடுத்து அடுத்தவர் படகில் ஆழ்கடல் மீன்பிடிக்கப் போகிறேன். இப்போது 1974-இல் கட்டிய 'பெர்ட்ராம் 31' என்ற மீன்பிடிப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 22,000 டாலர் சொல்கிறார்கள். இரண்டு பெட்ரோல் எஞ்சின். மூன்று வருடமாகக் கரையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. 'நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடுச்சு' என்கிறார் உரிமையாளர். வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தி, சனி ஞாயிறுகளில் நானே சரிசெய்யலாம் என்று ஆசை. வாங்கலாமா?

பதில்: 'நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடுச்சு.' வாங்குபவருக்காகப் படகைப் பரிசோதித்து அறிக்கை தரும், அதாவது சர்வே செய்யும், என் தொழிலில் இந்த வாக்கியத்தைக் கேட்காத மாதம் கிடையாது. பொய் என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினுக்கு, ஓடிய வருடங்களைவிட சும்மா நின்ற வருடங்கள்தான் எமன்.

முதலில் உங்கள் ஆசையைத் தப்பு சொல்லவில்லை. 1960-இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவுக்கு நடந்த படகுப் பந்தயத்தில், கொந்தளித்த கடலில் மற்ற படகுகள் திணறியபோது, ரிச்சர்ட் பெர்ட்ராமின் 'மாப்பி' என்ற மரப்படகு முதலில் போய்ச் சேர்ந்தது. வடிவமைத்தவர் ரே ஹன்ட். முனையில் மட்டுமல்லாமல் பின்பக்கம் வரைக்கும் ஆழமான வி வடிவ அடிப்பாகம். அலையில் அறையாமல் கிழித்துக்கொண்டு போகும். அந்த உடலை வைத்துத்தான் ஃபைபர் கிளாஸில் பெர்ட்ராம் 31 வந்தது. 1983 வரை 1,800-க்கும் மேல் கட்டினார்கள். அடிப்பாகம் கெட்டியான ஃபைபர் கிளாஸ், நடுவில் மரம் கிடையாது. ஐம்பது வயதிலும் இந்தப் படகுகளை ஆள் தேடி வாங்குவதற்கு அதுதான் காரணம்.

ஆகவே அடிப்பாகத்துக்காக நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். தட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல் போதும். மண்பானை வாங்கும்போது தட்டுவோமே, அதே கணக்கு. நல்ல இடம் 'டக் டக்' என்று சுருக்கமாகப் பேசும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலோ தண்ணீர் ஏறியிருந்தாலோ 'தொப்' என்று அமுங்கிப்போகும். மேல்தளத்தைத்தான் நிதானமாகத் தட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே ஃபைபர் கிளாஸுக்கு நடுவில் மரம் உண்டு. ஐம்பது வருடத்தில் எத்தனை பேர் தூண்டில் தாங்கி, தூண்டில் கயிறுகளைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கும் அவுட்ரிகர் கம்பு, பெரிய மீனோடு மல்லுக்கட்டும் நாற்காலி என்று துளை போட்டிருப்பார்கள்! ஒவ்வொரு திருகும் மழைக்கு ஒரு வாசல். நடக்கும்போது கால் மெத்தென்று இறங்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று வட்டம் என்றால் சமாளிக்கலாம். தளம் முழுக்க வட்டமாகிவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உண்மையான சிக்கல் டேங்க். அந்தக் காலத்தில் பெட்ரோல் டேங்கையும் ஃபைபர் கிளாஸிலேயே கட்டினார்கள். பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகு, 2004 வாக்கில் நியூயார்க், கனெக்டிகட் பக்கம் பழைய படகுகளில் எஞ்சின்கள் வரிசையாகப் படுத்தன. திறந்து பார்த்தால் இன்டேக் வால்வில் தார் மாதிரி கருப்புப் பிசின். எத்தனால் டேங்கின் ரெசினையே கரைத்து எஞ்சினுக்கு ஊட்டியிருக்கிறது. புளோரிடாவில்தான் 'ரெக் 90' என்ற எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. முன்பு வைத்திருந்தவர்கள் எதை ஊற்றினார்கள் என்பதற்கு யார் சாட்சி? அதுவும் டேங்க் இருப்பது காக்பிட்டின், அதாவது படகின் பின்பக்கத் திறந்தவெளியின், தளத்துக்கு அடியில். புது அலுமினிய டேங்க் பெரிய செலவு இல்லை. தளத்தை அறுத்து, பழையதை எடுத்து, மறுபடி மூடும் கூலிதான் செலவு. படகு பழுதுபார்க்கும் யார்டில் ஒரு மணி நேரத்துக்கு நூறு டாலருக்குக் குறைந்து ஆள் கிடைப்பது அபூர்வம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடித்தட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் 4 நிமிடம், ஆவியை வெளியே தள்ளும் ப்ளோயர் விசிறியை ஓடவிடச் சொல்வதும் அதனால்தான்.

எஞ்சினைப் பொறுத்தவரை இந்தப் படகில் ஒரு வசதி: இரண்டும் காக்பிட்டில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், மூடியைத் தூக்கினால் கைக்கு எட்டும். மெக்கானிக்கைக் கூட்டிப்போய் எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அப்புறம் எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்களான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைஸரும் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், ரசீதோடு. கடல்தண்ணீர் ஓடும் படகில் அவற்றுக்கு ஆயுள் ஐந்தாறு வருடம்தான். உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் போகும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'பெட்ரோலைத் தூக்கிவிட்டு டீசல் போட்டுக்கொள்ளலாம்' என்று நண்பர்கள் சொல்வார்கள். நல்ல யோசனைதான். இரண்டு புது டீசல் எஞ்சின், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

வீட்டுப் பக்கத்தில் நிறுத்தும் திட்டத்துக்கு வருவோம். இந்தப் படகின் அகலம் 11 அடி 2 அங்குலம். சிறப்பு அனுமதி இல்லாமல் சாலையில் இழுக்கக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம். லாரி, பர்மிட், உங்கள் தெருவின் சங்கம் என்று ஒவ்வொன்றாக வரும். அனேகமாக யார்டில்தான் நிற்கும், மாத வாடகை ஓடும். சனி ஞாயிறு மட்டும் என்றால், நீங்கள் கெட்டிக்காரராகவே இருந்தாலும், இரண்டு மூன்று வருட வேலை. அந்த வருடங்களில் மீன்பிடிக்க மறுபடியும் அடுத்தவர் படகுதான்.

22,000-க்கு வாங்காதீர்கள். எஞ்சின், டேங்க், வயரிங் மூன்றுக்கும் பூஜ்யம் போட்டு, வெறும் உடலுக்கு என்ன தருவீர்களோ அதைச் சொல்லிப் பாருங்கள். இதே 31-ஐ இன்னொருவர் பணத்தைக் கொட்டி முழுக்கப் புதுப்பித்து, களைத்துப்போய் விற்பதும் உண்டு. அவர் போட்ட காசில் பாதிகூட விலையில் திரும்பி வராது. அந்த நஷ்டம் உங்களுக்கு லாபம். மீன்தான் முக்கியம் என்றால் அதைத் தேடுங்கள். பட்டறை வேலைதான் பிடிக்கும், கடல் அப்புறம் என்றால் மட்டும் இந்தப் படகு.

இன்னும் மனம் கேட்கவில்லையா? முன்பணத்தை சர்வே, கடலில் ஓட்டிப் பார்ப்பது இரண்டுக்கும் உட்பட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். எஸ்.ஏ.எம்.எஸ் அல்லது என்.ஏ.எம்.எஸ் என்ற சர்வேயர் சங்கங்களின் அங்கீகாரம் உள்ள சர்வேயரை நீங்களே பிடியுங்கள், விற்பவர் காட்டும் ஆளை வேண்டாம். படகின் நீளத்தில் அடிக்கு 20 முதல் 30 டாலர் கேட்பார்கள். இவ்வளவு பழைய படகுக்கு அந்த அறிக்கை இல்லாமல் காப்பீடு கிடைப்பதும் கஷ்டம். பின்சுவரின் வலது மேல்மூலையில் இருக்கும் 12 எழுத்து அடையாள எண் பத்திரத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், வருகிற சனிக்கிழமை ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு போய் டேங்கின் அடியிலிருந்து பெட்ரோல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பாட்டிலை வெளிச்சத்தில் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றாலும், கருப்பாக ஏதாவது படிந்தாலும், சர்வேயருக்குக் கொடுக்கும் காசு உங்களுக்கு மிச்சம்.